கேட்காமல் வந்த பதில்

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் அடியில் கணினிகள் மீன்களோடு குடித்தனம் நடத்தின. கரையில் வைத்தால் அவற்றைக் குளிரவைப்பதற்கே பாதி மின்சாரம் போய்விடுகிறது என்று கண்டு, பஸ் அளவுக்கு இரும்புக் கூடங்கள் செய்து, உள்ளே கணினிகளை அடுக்கி, கடலுக்குள் இறக்கிவிட்டார்கள். கடல் காசு கேட்காமல் குளிர்வித்தது. ஆனால் கூடங்களில் பாசி படிந்தது, பூட்டுகள் உப்பேறி இறுகின, கம்பிகளை ஏதேதோ வந்து கொறித்தன. சரிசெய்ய ரோபோக்களை அனுப்பிப் பார்த்தார்கள். அவற்றில் இரண்டு இன்னும் அங்கேயே கிடக்கின்றன. கடைசியில், ரோபோவைவிட மனிதன் மலிவு என்று தெரிந்து மனிதர்களையே இறக்கினார்கள்.

இந்த வேலைக்கு ‘நீர்க்காகம்’ என்று ஒரு கப்பல். தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, கூடங்களுக்கு மேலே நங்கூரம் போட்டு, நாட்கணக்கில் நிற்கும். முக்குளிப்பவர்கள் எல்லோரும் அந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்து அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கீழே இறங்குகிறவனின் கயிற்றை மேலே அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம், கூட்டாளிக்குத் தூக்கம் வரலாம். மச்சான் மட்டும் கயிற்றை விடமாட்டான், ஏனென்றால் விட்டால் தாலியறுவது அவன் தங்கச்சி. கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். காற்றுக் குழாய், பேச்சுக் கம்பி, தூக்கி இழுக்க வின்ச் எல்லாம் இருக்கும்போது கயிறு எதற்கு? ஆனால் கயிறு இல்லாமல் ஒருவனும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. சரி, தொலையட்டும் என்று மச்சான்களுக்கு ‘மேல்தள உதவியாளர்’ என்று பெயர் வைத்துச் சம்பளமும் கொடுத்தார்கள்.

ரோமால்டு என்கிற முக்குளிப்பவனின் கயிறு தஸ்நேவிஸின் கையில் இருந்தது. தஸ்நேவிஸ் அவனைவிடப் பத்து வயது மூத்தவர், அவன் மனைவி ரெனிட்டாவின் ஒரே அண்ணன். வருடக்கணக்காக ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் வேலை பார்த்தவர்கள். இந்தக் கதை நடந்த சமயத்தில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம், குழந்தையின் ஞானஸ்நானம். ரோமால்டுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண்குழந்தை. தாய்மாமன்தான் குழந்தைக்குப் பொறுப்பேற்று ஞானத்தகப்பனாக நிற்பார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. தஸ்நேவிஸ் புதுச்சட்டை தைத்து, குழந்தைக்குப் போட ஒரு சங்கிலியும் வாங்கி, கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டபோது எழுந்து போனது வேறொருவர். சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் ஒரு தூரத்துச் சொந்தம். தஸ்நேவிஸ் பூசை முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு, பிரியாணி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். ரோமால்டு காரணம் சொல்லவில்லை. தஸ்நேவிஸ் கேட்கவில்லை. பெண்களும் பங்குச்சாமியாரும் தலையிட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

ஆனால் கயிற்றை மட்டும் இருவரும் மாற்றவில்லை. கோபம் வேறு, கயிறு வேறு. இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கப்பலின் நடுவே தலைமைக் கணினி ஒன்று இருந்தது. பொறியாளர்கள் அதை ஹோஸ்ட் என்பார்கள். முக்குளிப்பவர்கள் அதற்கு ‘காவல் சம்மனசு’, அதாவது காக்கும் தேவதூதன், என்று பெயர் வைத்திருந்தார்கள். மறைக்கல்வி வகுப்பில், ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் இறக்கையோடு நிற்கிற சம்மனசின் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை சம்மனசு ஒவ்வொருவனுடைய மார்பிலும் கட்டியிருக்கும் டெர்மினல் என்ற சின்னக் கருவியிடம் ‘நலமா?’ என்று கேட்கும். டெர்மினல் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். சுழியம் என்றால் நலம். மூன்று என்றால் கோளாறு. ஒன்றும் இரண்டும் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. என்றைக்கோ யாரோ எழுதிவைத்த விதி. கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த விதியில் இருந்தது. கேட்காமல் பேசுகிற டெர்மினல் கெட்டுப்போன டெர்மினல் என்று பொறியாளர்களுக்கு முதல் பாடமாகவே சொல்லிக்கொடுப்பார்கள்.

பதிலை டெர்மினல் தானாக அனுப்பக் கூடாது என்பது சட்டம். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவ்வளவு ஆழத்தில் சாதாரணக் காற்றை உறிஞ்சினால் அது மூளைக்குள் சாராயம் மாதிரி வேலை செய்யும். ஆழமயக்கம் என்பார்கள். அதைத் தடுக்கக் காற்றில் ஹீலியம் கலப்பார்கள். ஹீலியம் விலை எகிறியதும் கம்பெனி கலவையில் அதைக் குறைத்துக்கொண்டது. அரசாங்கமும் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு கேள்விக்கும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும், அவர் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டு டெர்மினலின் பொத்தானை அமுக்க வேண்டும். மயக்கம் இதயத்துடிப்பில் தெரியாது, மூச்சில் தெரியாது. பேச்சில்தான் தெரியும்.

பேசாத இருவர் இதை எப்படிச் செய்வார்கள்? கொஞ்ச நாள் ஒப்பேற்றினார்கள். தஸ்நேவிஸ் பேச்சுக்கம்பியில் தொண்டையைக் கனைப்பார். ரோமால்டு பதிலுக்குக் கனைப்பான். பிறகு அதுவும் ஒருவகைப் பேச்சுதான் என்று இருவருக்குமே பட்டிருக்க வேண்டும். ஒருநாள் காலை தஸ்நேவிஸ் ஹோஸ்ட் அறைக்குப் போய் தமயந்தியின் முன்னால் நின்றார். தமயந்தி கோயமுத்தூர்ப் பெண்; ஹோஸ்டும் டெர்மினல்களும் அவள் பொறுப்பு.

“அம்மா, எங்க மாப்ள டெர்மினல் தானா பதில் சொல்லுத மாதிரி வைக்க முடியுமா?”

“முடியுங்க. பழைய வசதி ஒண்ணு உள்ளயே இருக்குது. ஆனா சட்டப்படி…”

“சட்டம் கெடக்கட்டும். எனக்கு அவங்கிட்டப் பேச இஷ்டமில்ல. அவனுக்கும் இல்ல. வேலை கெட்டுப்போவுது.”

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. “உங்களுக்குப் புரியணும் அண்ணா. அந்த டெர்மினல் தன்னைப் பத்தித்தான் சொல்லும். எனக்கு மின்சாரம் வருது, என் கம்பி அறுபடல, என் திரை எரியுது, அதனால நான் நலம்ங்கும். உங்க மாப்பிள்ளையப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்கும் தெரிய வேண்டாம்,” என்றார் தஸ்நேவிஸ்.

அவள் யோசித்தாள். இதயத்துடிப்பும் மூச்சும் தனியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. தவிர, அந்தக் கயிறு வேறு இருக்கிறது. இரண்டு மாமன் மச்சான்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கனைப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே தலைவலி வந்திருந்தது. ஹோஸ்டில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். அன்றிலிருந்து ரோமால்டின் டெர்மினல் கேட்டவுடன் தானே பதில் சொன்னது, பொட்டுப்பிசகாமல். முக்குளிப்பு மேற்பார்வையாளர் பிரகலாதனுக்கு இது தெரியவந்தபோது அவர் கோபப்படவில்லை. பேச்சு இல்லாததால் வேலை வேகமாக நடப்பதைக் கவனித்திருந்தார். மற்றவர்களுக்கும் இதையே செய்தால் என்ன என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதவும் செய்தார்.

அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் தகடு மாதிரி கிடந்தது. ரோமால்டு நான்காம் எண் உடையைப் போட்டுக்கொண்டு இறங்கினான். ஒரு கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே ஒரு பலகையை மாற்ற வேண்டும். கதவைச் சுற்றிக் காற்றடைத்த கூண்டு ஒன்றை மாட்டியிருந்தார்கள். தஸ்நேவிஸ் மேல்தளத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கம்பியின் ஒலிபெருக்கி அணைத்துக் கிடந்தது. முன்னால் இருந்த திரையில் நான்காம் எண்ணுக்கு நேரே சுழியம், சுழியம், சுழியம் என்று வந்துகொண்டிருந்தது.

கயிற்றுக்கு ஒரு மொழி உண்டு. மேலே இருப்பவர் ஒரு இழுப்பு இழுத்தால், எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், நன்றாக இருக்கிறேன். மூன்று வந்தால், தூக்கு. ஞானஸ்நானத்துக்குப் பிறகு தஸ்நேவிஸ் ஒருதடவைகூடக் கேட்டு இழுத்ததில்லை. அதனால் பதிலும் வந்ததில்லை. கயிற்றின் கனத்தை மட்டும் கையில் உணர்ந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

திடீரென்று கயிறு ஒருதடவை இழுபட்டது.

நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடியும் ஒரு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நிதானமான, சுத்தமான இழுப்புகள். நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

தஸ்நேவிஸ் எழுந்து நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார், சுழியம். இதயத்துடிப்பைப் பார்த்தார், சீராக இருந்தது. மூச்சும் அப்படியே.

“சார், நாலாம் நம்பர தூக்கணும்,” என்று கத்தினார்.

பிரகலாதன் நிழலில் இருந்து எட்டிப் பார்த்தார். “என்ன ஆச்சு?”

“நல்லாருக்கேன்னு சொல்லுதான்.”

“என்னய்யா சொல்றே? நல்லாத்தானே இருக்கான்?”

“நான் கேக்கலியே சார். என்மேல கோவத்துல இருக்கவன், நான் கேக்காம, நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு எதுக்குச் சொல்லணும்? அவன் அப்படிச் சொல்லுத ஆளா? வம்புக்கு நிக்கவன் சார் அவன்!”

பிரகலாதன் திரையைத் தட்டிக் காட்டினார். “இங்க பாரு. எல்லாம் நார்மல். கூடத்தோட கதவு திறந்து கிடக்கு. இப்ப அவனைத் தூக்கினா கூண்டு நழுவி உப்புத்தண்ணி உள்ள போயிரும். கோடிக்கணக்கான சாமான். உங்க குடும்பச் சண்டையை வீட்ல வெச்சுக்கோ.”

தஸ்நேவிஸ் ஒலிபெருக்கியைப் போட்டார். மாதக்கணக்கில் கூப்பிடாத வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“மாப்ள.”

ஒலிபெருக்கியில் முதலில் பாட்டு மாதிரி ஒரு முனகல் கேட்டது. பிறகு சிரிப்பு. “யாரு, மச்சானா? எங்க மச்சான் போயிட்டிய இத்தன நாளும்? நான் கயித்துல கூப்ட்டுக்கிட்டே கெடக்கேன்.”

“கதவ மூடிட்டியாடே?”

“எந்தக் கதவு? இங்க எல்லாம் தொறந்துதான் கெடக்கு. மச்சான், தண்ணி என்னமா குளுகுளுன்னு இருக்கு தெரியுமா? இந்தச் சட்டிய எதுக்குத் தலைல மாட்டிக்கிட்டு அலையணும்? கழட்டி வைக்கப் போறேன்.”

பிரகலாதனின் முகம் மாறியது. ஆனால் அவர் கை வின்ச்சை நோக்கிப் போகவில்லை, கண் திரையைத்தான் பார்த்தது. சுழியம். தஸ்நேவிஸ் அவரைத் தள்ளிக்கொண்டு போய் வின்ச் கைப்பிடியை அமுக்கினார்.

வின்ச்சை வேகமாகவும் விட முடியாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த காற்று, சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டில் திறந்தது போல நுரைத்து ஆளையே முடமாக்கிவிடும். நிறுத்தி நிறுத்தித்தான் தூக்க வேண்டும். அதுவரை அவன் கை தலைக்கவசத்துக்குப் போகக் கூடாது.

“மாப்ள, ரெண்டு கையாலயும் கயித்தப் புடிச்சுக்க. விடாத. நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க மச்சான். நீங்க கேட்டா சொல்லமாட்டனா?”

என்ன கேட்பது என்று தஸ்நேவிஸுக்குத் தெரியவில்லை. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவே வாயில் வந்தது. “பிள்ளைக்கு நான் ஏண்டே ஞானத்தகப்பனா நிக்கக் கூடாது? நான் அவ்வளவு கேவலமாப் போயிட்டனா?”

ரோமால்டு பதில் சொன்னான், இன்னும் சிரித்துக்கொண்டேதான். “அதா? அது ஒண்ணுமில்ல மச்சான். கயிறும் உங்க கையில இருக்கு. பிள்ளையும் உங்க கையிலன்னா எப்படி? தகப்பன் செத்தா ஞானத்தகப்பன்லா பிள்ளையப் பாக்கணும். ஒருநாள் கயிறு தப்பிப்போச்சுன்னு வைங்க. நான் செத்தேன். அப்புறம் அந்தப் பிள்ள மூஞ்சில நீங்க எப்படி முழிப்பிய? தெனமும் முழிக்கணும்லா? உங்களால முடியாது மச்சான். நீங்க அழுதுருவிய. அதான் வேற ஆளப் பாத்தேன்.”

தஸ்நேவிஸின் வலது கை கைப்பிடியில் இருந்தது, இடது கை கயிற்றில் இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

“மச்சான், இருக்கியளா?”

“இருக்கேன்டே. பேசு. பேசிக்கிட்டே இரு.”

ரோமால்டு பேசினான். ரெனிட்டா வைக்கிற சாளைமீன் குழம்பைப் பற்றி, குழந்தைக்கு முளைத்த பல்லைப் பற்றி, சுங்க இலாகாச் சொந்தக்காரரின் தொப்பையைப் பற்றி. கப்பலுக்கு அடியில் அவன் முதல் நிறுத்தத்தை நெருங்க நெருங்க சொற்கள் குறைந்தன, சிரிப்பு நின்றது. மேலே வர வர ஆழமயக்கம் தானாகத் தெளிந்துவிடும். அது அதன் இயல்பு. கடைசியில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது.

“மாப்ள?”

பதில் இல்லை.

“மாப்ள, நல்லாருக்கியா?”

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கனைப்பு கேட்டது. பழைய கனைப்பு. வீம்பு பிடித்த, விறைப்பான கனைப்பு. தஸ்நேவிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டிமேல் உட்கார்ந்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. திரையில் நான்காம் எண்ணுக்கு நேரே, எப்போதும் போலச் சுழியம் இருந்தது.

விசாரணை கப்பலிலேயே நடந்தது. கூண்டு நழுவி, கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து, கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி படகில் வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கடல் ஒத்துக்கொள்ளாத முகம். ஹோஸ்ட் அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் பிரகலாதன், தமயந்தி. எதிரே தஸ்நேவிஸ். சுவரோரம் ஒரு ஸ்டூலில் ரோமால்டு. அவனை அழைத்தது சாட்சி சொல்ல அல்ல. நடைமுறைப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால்.

அதிகாரி ஹோஸ்டின் பதிவைப் பார்த்தார். “ஒவ்வொரு நிமிடமும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் நலம் என்று பதில் வந்திருக்கிறது. துடிப்பு சரி. மூச்சு சரி. பிறகு ஏன் இழுத்தீர்கள்?”

தமயந்தி நேராகச் சொல்லிவிட்டாள். “அந்தப் பதில் தானா வந்ததுங்க. டெர்மினலே சொல்லிக்கிட்டது. அப்படி மாத்தினது நான்தான்.”

“சரி, அதைத் தனியாகப் பார்ப்போம். தானாக வந்தாலும் பதில் பதில்தானே? டெர்மினலில் கோளாறு இருந்ததா?”

“டெர்மினல்ல இல்லைங்க.”

“அப்படியானால் நலம்தான்,” என்று அதிகாரி குறித்துக்கொண்டு தஸ்நேவிஸின் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கள்.”

தஸ்நேவிஸுக்கு இரவெல்லாம் யோசிக்க நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் ரோமால்டின் உரிமத்தில் ‘ஆழமயக்கத்துக்கு ஆளாகிறவர்’ என்று எழுதிவிடுவார்கள். ஹீலியம் குறைந்தது காரணமாக எழுதப்படாது. பிறகு அவன் ஆழத்துக்கு இறங்கவே முடியாது, அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. கீழே அவன் பேசியதைக் கேட்டது இரண்டு பேர்தான். பிரகலாதன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, திறந்தால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற கதையையும் சொல்ல வேண்டிவரும்.

“நான்தான் சார் தப்பா நெனச்சுட்டேன்,” என்றார் தஸ்நேவிஸ். “கண்ணு அசந்துட்டு. முழிச்சதும் பயந்துபோய் இழுத்துட்டேன். அவன் நல்லாத்தான் இருந்தான்.”

அதிகாரிக்கு இது பிடித்திருந்தது. சுருக்கமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் முடிகிற பதில். பேனாவை எடுத்தார்.

“நான் நல்லா இல்ல,” என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோமால்டு எழுந்து நின்றிருந்தான்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். “உங்களை யாரும் கேட்கவில்லையே?”

“அதத்தான் சார் சொல்லுதேன். யாரும் கேக்கல. அன்னைலருந்து இன்னைவரைக்கும் அந்த டெர்மினலத்தான் எல்லாரும் கேக்கிய. நான் நல்லா இல்ல. எனக்குப் புத்தி கலங்கிப்போச்சு. தலைக்கவசத்தக் கழட்டப் பாத்தேன். மச்சான் இழுக்காட்டி நான் இன்னிக்கு இல்ல. அவுக தூங்கல. அவுக பொய் சொல்லுதாவ, எனக்காவ.”

“ஆழமயக்கம் வந்தவர்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்காது என்பார்களே?”

ரோமால்டு தரையைப் பார்த்தான். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு சார். பேசுனதும் ஞாபகம் இருக்கு.”

தஸ்நேவிஸ் அவனைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி மறுபடி பதிவைப் புரட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கையில் இருப்பதை நம்பப் பழகியவர். “ஆனால் பதிவு தெளிவாக இருக்கிறதே. நலம் என்றுதான்…”

தமயந்தி எழுந்து சுவரிலிருந்த பெரிய திரையைக் காட்டினாள். “சார், இப்ப தண்ணியில யாரும் இல்லைங்க. அங்க நாலாம் எண்ணைப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். சம்மனசு கேட்டது. நான்காம் எண் சுழியம் சொன்னது. அடுத்த அறையில் ரோமால்டின் உடை ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்பில் இருந்த டெர்மினலின் சின்ன விளக்கு, கேட்ட கேள்விக்கு மரியாதையாக ஒருதடவை மின்னிவிட்டு அடங்கியது.

அதிகாரி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இது. ரோமால்டின் உரிமத்தில் அந்த வரியை எழுதினார்கள். விசாரணையில் பொய் சொன்னதற்காகத் தஸ்நேவிஸை வேலையிலிருந்து எடுத்தார்கள். தமயந்திக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே தபாலில், அவள் மாற்றிய அந்த ஒரு வரியை எல்லாக் கப்பல்களிலும் மாற்றும்படி உத்தரவும் வந்தது. தானாக வரும் பதில்களில் புகார் குறைவாக இருந்ததாம். சட்டத்தையும் அதற்கேற்றபடி திருத்திக்கொண்டார்கள். அவள் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். நான்காம் எண் உடையை யாரும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. அது சுழியம் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஹோஸ்டுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வேலை போன அன்று படகு தஸ்நேவிஸையும் ரோமால்டையும் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நிழல் குறைவு. இருந்த நிழலில் இரண்டு பேரும் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. தஸ்நேவிஸ் தன் பையை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். ரோமால்டு செருப்பால் மண்ணைக் கீறினான்.

“மச்சான்.”

“சொல்லு.”

“இனி கயிறு உங்க கையில இல்லல்லா?”

“இல்ல.”

“அப்ப பிள்ளையோட உறுதிபூசுதலுக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்.”

பிள்ளை வளர்ந்தபின் கோயிலில் செய்கிற அந்தச் சடங்குக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். தஸ்நேவிஸ் உடனே இளகிவிடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சங்கிலியோடு திரும்பி வந்த மனுஷன். “உறுதிபூசுதலுக்கு அது பத்தாம் வகுப்பு வரணும். இன்னும் எத்தன வருசம் கெடக்கு.”

“கெடக்கட்டும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்.”

தூரத்தில் ஒரு பஸ் வருகிற மாதிரி இருந்தது, ஆனால் அது லாரி. தூசி அடங்கியதும் தஸ்நேவிஸ் கேட்டார்:

“மாப்ள, நல்லாருக்கியா?”

ரோமால்டு துறைமுகச் சுவருக்கு மேலே கொஞ்சமாகத் தெரிந்த கடலைப் பார்த்தான்.

“இல்ல மச்சான்.”

“ம்,” என்றார் தஸ்நேவிஸ். அவன் தோளில் கையை வைத்தார். பஸ் வருகிறவரை எடுக்கவில்லை.